நெக்டோவும் நீலத் தூளும், என் பெயருக்கு வந்த தபாலும்

கூல்-எய்ட் என்றால் அமெரிக்காவில் வளர்ந்தவர்களுக்குச் சிரிக்கிற முகம் வரைந்த ஒரு கண்ணாடி ஜக் நினைவுக்கு வரும். எனக்குத் திருகோணமலைத் தபாற்கந்தோர் நினைவுக்கு வரும். அந்தப் பானத்தை எங்கள் ஊர்க் கடை எதிலும் நான் கண்டதில்லை. நியூ ஜேர்சியில் இருந்த சித்தப்பா, ஊருக்கு வருகிறவர்கள் யாருடைய பையிலாவது சின்னச் சின்னத் தூள் பக்கற்றுகளாகச் செருகி அனுப்புவார். எண்பதுகளின் கடைசியிலும் தொண்ணூறுகளின் தொடக்கத்திலும் உவர்மலையில் எங்கள் வீட்டுக் குசினியில் அதைக் கரைத்துக் குடித்து வளர்ந்த பிள்ளைகள் நாங்கள்.

அதைப் பற்றி எழுத வேண்டும் என்று கன நாளாக ஆசை. ஆனால் கூல்-எய்ட்டை நினைத்தால் நெக்டோ என்ற எங்கள் ஊர்ச் சிவப்புச் சோடா வந்துவிடுகிறது. நெக்டோவை நினைத்தால் மோல்ட் மாப் பெட்டியின் பக்கத்தை வெட்டிக் கொழும்புக்கு அனுப்பியது வந்துவிடுகிறது. எனக்கு இவை மூன்றும் ஒரே கதை. எந்த மரத்திலும் காய்க்காத சுவைகளும் தபாலில் வந்த பரிசுகளும். ஆகவே சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் சோடா. யானைப் படம் போட்ட எலிபன்ட் ஹவுஸ் சோடா. அந்தக் கம்பனி 1866-இல் கொழும்பு ஐஸ் கம்பனி என்ற பெயரில் பனிக்கட்டி செய்யத் தொடங்கியது, 1941-இல் சிலோன் கோல்ட் ஸ்டோர்ஸ் ஆனது என்பதெல்லாம் வளர்ந்த பிறகு வாசித்து அறிந்தவை. அப்போது எங்களுக்குத் தெரிந்தது யானை மட்டும்தான். கிரீம் சோடா, ஒரேஞ் பார்லி, லெமனேட், ஜிஞ்ஜர் பியர், நெக்டோ என்று பெட்டிக்கடை மரப்பெட்டியில் வரிசையாக நிற்கும். வீட்டில் ஒவ்வொன்றுக்கும் ஒரு வேலை இருந்தது. வயிறு ஊதிப்போய் இருந்தால் ஜிஞ்ஜர் பியர். காய்ச்சல் விட்டு எழும்பினால் கிரீம் சோடாவில் காய்ச்சி ஆறவைத்த பால் கொஞ்சம் விட்டு அம்மம்மா தருவா. ஒரேஞ் பார்லி பெரியவர்களுக்கு, அதிலும் கோயிலுக்குப் போய் வெயிலில் களைத்து வந்தவர்களுக்கு. நெக்டோவுக்கு மட்டும் எந்த வேலையும் கிடையாது. அது சந்தோஷத்துக்காகக் குடிப்பது. சிவப்பு என்றால் அப்படி ஒரு சிவப்பு. குடித்து முடித்த பிறகும் நாக்கை நீட்டிக் கண்ணாடியில் பார்க்கலாம்.

ஆனால் சோடா சும்மா வாங்கும் பொருள் அல்ல. வீட்டுக்கு ஆள் வரவேண்டும். கிண்ணியாவிலிருந்தோ மூதூரிலிருந்தோ அப்பாவின் சிநேகிதர் யாரும் வந்து விறாந்தைக் கதிரையில் அமர்ந்தால், அம்மா குசினி வாசலில் நின்று கண்ணால் கூப்பிடுவா. கையில் காசும் வெறும் போத்தலும் தருவா. பழைய போத்தலைக் கொடுத்தால்தான் புதிய போத்தல். இல்லாவிட்டால் போத்தல் காசு தனியாகக் கட்டவேண்டும். வாசலால் போனால் வந்தவர் கண்டு, “ஐயோ ஒன்றும் வேண்டாம், இப்பதான் தேத்தண்ணி குடிச்சனான்” என்று தடுப்பார் என்பதால் பின்வேலிப் பொட்டுக்குள்ளால் ஓடவேண்டும். கடையில் முதலாளி கேட்பார், “என்ன பிள்ளை, ஆர் வந்திருக்கினம்?” ஆள் யார் என்று சொன்னால் என்ன சோடா என்று அவரே சொல்லிவிடுவார். வாத்தியார் என்றால் ஒரேஞ் பார்லி. மாப்பிள்ளை வீட்டு ஆட்கள் என்றால் கிரீம் சோடா. நான் எப்போதும் நெக்டோ கேட்டுப் பார்ப்பேன். பெரும்பாலும் கிடைக்காது.

வந்தவர் முழுப் போத்தலையும் குடிக்கமாட்டார். குடிக்கவும் கூடாது, அது மரியாதை இல்லை. கிளாஸில் பாதியோ கால்வாசியோ வைத்துவிட்டு எழும்புவார். அவர் படலையைத் தாண்டும்வரை காத்திருப்போம். அண்ணாவுக்கும் எனக்கும் அந்த மிச்சத்தைப் பங்கு பிரிப்பதில் வந்த சண்டைகளை எழுதினால் தனிப் பதிவாகும்.

சோடா முடிந்தாலும் மூடி முடியாது. ஓப்பனரால் நெம்பும்போது மூடி நடுவில் லேசாக மடங்கும். அந்த மடிப்பைக் கல்லில் வைத்து, இன்னொரு கல்லால் மெல்ல மெல்லத் தட்டி, ஓரத்துப் பல்லெல்லாம் விரிந்து தட்டையாகும்வரை அடிக்கவேண்டும். அவசரப்பட்டு ஓங்கி அடித்தால் ஓரம் கிழியும். பிறகு ஆணியால் நடுவில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டை. தையல் நூலை முறுக்கி இரண்டு ஓட்டைக்குள்ளாலும் விட்டு முடிச்சுப் போட்டு, இரு கை விரல்களிலும் மாட்டிச் சுழற்றி இழுத்தால் ‘விர்ர்’ என்று கத்தும். ஓடுகிற மூடியின் ஓரத்தை வாழைத்தண்டில் பிடித்தால் சீவிக்கொண்டு போகும். நெக்டோ மூடி வைத்திருக்கிறவன் பெரிய ஆள். எங்கள் ஒழுங்கையில் ஒரு நெக்டோ மூடிக்கு மூன்று போளை கொடுத்த காலம் இருந்தது.

இந்த இடத்தில் எனக்கு ஒரு பிடிவாதமான கருத்து உண்டு. தோடம்பழச் சுவை என்று சொல்லி விற்கிற எந்தப் பானமும் தோடம்பழத்திடம் தோற்றுத்தான் போகும். தம்பலகாமத்துப் பக்கத்திலிருந்து வரும் தோடையை உரித்துத் தின்ற வாய்க்கு அது தெரியும். நெக்டோ யாரிடமும் தோற்கத் தேவையில்லை. அது எந்தப் பழத்தையும் போல இருக்க முயலவில்லை. நெக்டோவின் சுவை என்ன என்று கேட்டால் நெக்டோச் சுவை என்றுதான் சொல்லலாம். பிள்ளைகளுக்கு அது உடனே விளங்கும். பெரியவர்கள்தான் “இது என்ன பழம், ராஸ்பெரியா, திராட்சையா” என்று துருவிக்கொண்டிருப்பார்கள். ராஸ்பெரியை நாங்கள் யாரும் கண்ணால் கண்டதுகூட இல்லை.

அடுத்தது அந்த மோல்ட் மாப் பெட்டி. கம்பனியின் பெயர் இங்கே வேண்டாம், அதைச் சொல்லாததற்கு ஒரு காரணம் இருக்கிறது, பின்னால் வருகிறது. பாலில் கரைத்துக் குடிக்கிற மா. பெட்டியின் பக்கத்தில் ஒரு சதுரம் அச்சிட்டிருக்கும். அதை வெட்டிச் சேர்த்து, பெயரும் விலாசமும் எழுதிக் கொழும்புத் தபாற்பெட்டி இலக்கத்துக்கு அனுப்பினால் மிருகங்களின் வண்ணப் படங்கள் வரும். ஒட்டுவதற்கு ஒரு கொப்பியும் தருவார்கள். கொப்பியில் ஒவ்வொரு மிருகத்துக்கும் ஒரு வெற்றுக் கட்டம். கட்டத்துக்குக் கீழே பெயரும் இரண்டு வரி விவரமும் மூன்று மொழியிலும்.

எனக்கு மா பிடிக்காது. ஆனால் பெட்டி சீக்கிரம் முடியவேண்டும் என்பதற்காகக் காலையும் மாலையும் கேட்டு வாங்கிக் குடித்தேன். அம்மாவுக்குப் பெரிய சந்தோஷம், பிள்ளை சத்துணவு குடிக்கிறாள் என்று. சதுரங்களைக் கத்தரிக்கோலால் வெட்டமாட்டேன். அப்பாவின் பழைய சவர பிளேட்டை அவரே பிடித்து, அடிமட்டம் வைத்து, கோட்டிலிருந்து துளி விலகாமல் வெட்டித் தருவார். என்வலப்பில் விலாசம் எழுதுவது என் வேலை. முத்திரை ஒட்டுவது அண்ணாவின் வேலை, அவனுக்கு நாக்கு நீளம்.

பிறகு காத்திருப்பு. அந்த நாட்களில் திருகோணமலையில் தபாலுக்குக் காத்திருப்பது என்றால் பாதைக்குக் காத்திருப்பது. கொழும்பிலிருந்து வரும் தபால் மாகோ, கல்லோயாச் சந்தி, கந்தளாய் என்று ரயிலில் இரவெல்லாம் வரவேண்டும். பிரச்சினை இல்லாத நாட்களில் வந்தது. 1990 ஜூனில் போர் மறுபடி தொடங்கிய பிறகு எப்போது வரும், எப்போது வராது என்று யாருக்கும் தெரியாது. கடைகளில் சாமான் இல்லை, பள்ளிக்கூடம் இல்லை, சில நாள் வெளியே போகவும் இல்லை. பெரியவர்கள் எந்தக் கடிதத்துக்காகக் காத்திருந்தார்கள் என்று இப்போது விளங்குகிறது. பிள்ளைகள் வெளிநாட்டில், சகோதரங்கள் அகதி முகாமில், யாருடைய எழுத்தாவது வருமா என்று. நான் காத்திருந்தது வரிக்குதிரைக்கு.

வந்தது. தபால்காரர் மணியடித்துவிட்டு வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தார். அப்பா எழும்பிப் போனார். “உங்களுக்கு இல்லை ஐயா,” என்று சொல்லிவிட்டு என்னைப் பார்த்து, “இந்தா பிள்ளை, கொழும்பிலயிருந்து உனக்குத்தான்” என்றார். மண்ணிறக் கடித உறை. டைப் அடித்த எழுத்தில் செல்வி என்று போட்டு என் பெயர், அப்பாவின் முதலெழுத்து, வீட்டு இலக்கம், உவர்மலை, திருகோணமலை. என் பெயரை டைப் எழுத்தில் நான் அதற்கு முன் கண்டதில்லை. எங்கோ ஒரு கந்தோரில், என்னைத் தெரியாத ஒருவர், என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகத் தட்டியிருக்கிறார். அந்த நேரத்தில் திருகோணமலை என்ற பெயர் வானொலிச் செய்தியில் எப்படி வரும் என்று அந்தக் காலத்தவர்களுக்குத் தெரியும். இத்தனை பேர் இறந்தார்கள், இத்தனை பேர் காயம் என்றுதான் வரும். இந்த உறையில் அது ஒரு பிள்ளையின் விலாசத்துக் கடைசி வரியாக, வேறெந்த ஊரையும் போல இருந்தது. நான் இந்தப் பதிவை எழுத முக்கிய காரணம் அந்த வரிதான். ஒரு பானக் கம்பனி வியாபாரத்துக்காகச் செய்த வேலை அது, சரி. ஆனால் அந்த வருடத்தில் எங்கள் ஊரில் இருந்த ஒரு பிள்ளையை, வெளியில் இருந்த யாரோ பெயர் சொல்லிக் கூப்பிட்டது அந்த உறையால்தான்.

கொப்பி முழுதாக நிரம்பவில்லை. யானைப் படம் வரவே இல்லை. எழுதிக் கேட்டோம், இன்னும் சதுரம் அனுப்பினோம். குரங்கு திரும்பத் திரும்ப வந்தது. ஒரு கட்டத்தில் அந்தத் திட்டமே நின்றுபோனது. கம்பனியின் பெயரைச் சொல்லாததற்கு அதுதான் காரணம். அந்தக் காலத்தில் என்ன சிரமத்தில் எது நின்றதோ, இன்று போய் யாரையும் குறை சொல்ல எனக்கு விருப்பமில்லை. யானையின் கட்டத்தில் அண்ணா எலிபன்ட் ஹவுஸ் லேபிளைத் தண்ணீரில் ஊறவைத்து உரித்து ஒட்டித் தந்தான். கொஞ்சம் கோணல்தான். ஆனால் யானை.

இனி நீலத் தூளுக்கு வரலாம்.

சித்தப்பா 1983 கலவரத்துக்குப் பிறகு அமெரிக்கா போனவர். அவருடைய மகள் என்னைவிட இரண்டு வயது மூப்பு, நான் அக்கா என்றுதான் எழுதுவேன். அவ தன் கையால் தெரிந்து அனுப்புவது என்றபடியால் பக்கற்றுகள் எல்லாம் விசித்திரமானவை. பெயர்களைச் சொல்கிறேன் கேளுங்கள். பேர்ப்பிள்சோரஸ் ரெக்ஸ். ஷார்க்கிள்பெரி ஃபின். கிரேட் புளூடினி. முதல் இரண்டும் 1987-இல் வந்தவை, புளூடினி 1992. முதலாவது திராட்சையும் லெமனேடும் சேர்ந்த ஊதா நிறம், டைனோசர் படம். இரண்டாவதில் சுறா. எங்களுக்குச் சுறா என்றால் வறை. தேங்காய்ப்பூவும் பச்சைமிளகாயும் போட்டு அம்மா வறுக்கிற அந்த மீனின் பெயரில் ஒரு இனிப்புத் தண்ணீர் இருக்கிறது என்பதை அம்மம்மாவால் நம்ப முடியவில்லை. ஸ்ட்ரோபெரியும் தோடம்பழமும் வாழைப்பழமும் கலந்த வாசம் என்று சொன்ன பிறகும், மூக்கருகில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வாயில் வைத்தா.

புளூடினி பக்கற்றுகள் வந்த கதை வேறு. கொண்டுவந்தவர் கொழும்பிலிருந்து பஸ்ஸில் வந்தார். ஹபரணை தாண்டினால் ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு நடந்து, மறுபக்கம் ஏறவேண்டிய காலம். ஒரு சாவடியில் பைக்குள் இருந்து பக்கற்றுகள் வெளியே வந்தன. என்ன இது என்று கேள்வி. பானம் என்று சொல்லியும் ஒன்றைக் கிழித்துப் பார்த்தார்கள். உள்ளே பச்சைத் தூள். சிங்களத்தில் அவர் எவ்வளவோ விளக்கியும் ஆகவில்லை. கடைசியில் தன் தண்ணீர்ப் போத்தலை நீட்டி, இதில் போட்டுப் பாருங்கள் என்றாராம். அந்தத் தூளின் விசேஷமே அதுதான். காய்ந்திருக்கும்போது பச்சை, தண்ணீர் பட்டால் நீலம். போத்தலுக்குள் பச்சைத் தூள் விழுந்து நீலமாகப் பரவியதைப் பார்த்து, காவலில் நின்ற பெடியன் சிரித்துவிட்டான் என்று வந்தவர் சொன்னார். வயது இருபதுகூட இராது. இன்னொருவனைக் கூப்பிட்டுக் காட்டினானாம். மிச்சப் பக்கற்றுகளைத் திருப்பிக் கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

வீட்டில் நாங்கள் அதைக் கரைத்ததும் ஒரு சடங்கு போலத்தான். பக்கற்றில் சீனி கிடையாது. பின்பக்கத்தில் எழுதியிருப்பதை அப்பா வாசிப்பார்: ஒரு கோப்பை சீனி, இரண்டு குவாட் தண்ணீர். இரண்டு குவாட் என்றால் இரண்டு லீற்றருக்குக் கொஞ்சம் குறைவு. அம்மாவுக்கு அந்த ஒரு கோப்பைதான் பிரச்சினை. “இந்தச் சீனியில நாலு பேருக்கு ஒரு கிழமை தேத்தண்ணி ஊத்தலாம்” என்பா. கந்தளாயில் சீனித் தொழிற்சாலை இருக்கிற மாவட்டத்தில் இருந்துகொண்டு சீனியை எண்ணிப் போடவேண்டியிருந்தது. பாதை பூட்டினால் விலை ஏறும், அவ்வளவுதான். அந்தத் தொழிற்சாலையும் 1993-இல் மூடப்பட்டது. ஆகவே அரைக் கோப்பை சீனி, கொஞ்சம் பனங்கட்டி. கிணற்றுத் தண்ணீரில் எப்போதும் லேசான உவர் உண்டு. ஐஸ் கிடையாது. புளிப்பும் உப்பும் பனங்கட்டி வாசமும் கலந்த அந்த நீலத் தண்ணீரை அமெரிக்காவில் யாரும் குடித்திருக்க முடியாது. சித்தப்பா மகள் பல வருடம் கழித்து வந்தபோது அவவுக்கும் அதேபோலக் கலக்கிக் கொடுத்தோம். ஒரு மிடறு குடித்துவிட்டு, இது வேறு ஏதோ சுவை என்று சொல்லி முழுக் கிளாஸையும் குடித்தா.

பக்கற்றின் பின்னால் புள்ளிகள் அச்சிட்டிருக்கும். அவற்றை வெட்டிச் சேர்த்துத் தபாலில் அனுப்பினால் விளையாட்டுப் பொருட்கள், கோப்பைகள், சட்டைகள் என்று அனுப்புவார்கள். அமெரிக்க விலாசத்துக்கு மட்டும். மோல்ட் மாவில் தேர்ந்த எனக்கு அதை விட மனம் வரவில்லை. அப்பாதான் வழி சொன்னார்: “புள்ளியை அக்காவுக்கு அனுப்பு, அவ அங்கயிருந்து போடட்டும்.” ஏரோகிராமில் ஒன்றும் உள்ளே வைக்க முடியாது. ஆகவே ஓரத்தில் சிவப்பும் நீலமும் கோடு போட்ட விமானத் தபால் உறை, முத்திரைச் செலவு வேறு. நியூ ஜேர்சியில் வாங்கித் திருகோணமலையில் கரைத்துக் குடித்த பக்கற்றுகளின் புள்ளிகள் திரும்பக் கடல் தாண்டிப் போயின. எத்தனையோ மாதம் கழித்து, கலியாணத்துக்கு வந்த யாரோ ஒருவருடைய பெட்டியில், உடுப்புகளுக்கு நடுவில் சுற்றி, சிரிக்கிற முகம் போட்ட ஒரு பிளாஸ்ரிக் கோப்பை வந்து சேர்ந்தது. கைபிடி உள்ள சின்னக் கோப்பை. அண்ணாவுக்கும் எனக்கும் ஒருநாள் விட்டு ஒருநாள் அதில் தேத்தண்ணி.

கூல்-எய்ட்டின் வரலாற்றைத் தேடி வாசித்தது மிகப் பின்னால். வாசித்தபோது ஒரு விஷயம் என்னை உட்காரவைத்துவிட்டது. அதைக் கண்டுபிடித்த எட்வின் பெர்க்கின்ஸ், நெப்ராஸ்கா மாநிலத்தில் ஹென்ட்லி என்ற சின்ன ஊரில் வளர்ந்தவர். அப்பாவின் பலசரக்குக் கடையில் ஜெல்-ஓ என்ற ஜெலித் தூள் பக்கற்றுகளைப் பார்த்து ஆசைப்பட்ட பையன். இளைஞனானதும் அந்த ஊருக்குத் தபாலதிபராக இருந்தார். தபால்வழி வியாபாரம் ஒன்றும் நடத்தினார். முதலில் அவர் விற்றது ஃப்ரூட் ஸ்மாக் என்ற திரவச் சாறு. போத்தல்கள் பாரம், அனுப்பும் வழியில் உடையும். அந்தத் தொல்லைக்குத்தான் தண்ணீரை எடுத்துவிட்டுத் தூளாக்கி உறையில் போட்டார். ஹேஸ்டிங்ஸ் நகரத்தில், 1927-இல். அதாவது அந்தப் பானம் தூளானதே தபாலில் போவதற்காக. உவர்மலைக் குசினியில் நாங்கள் கிழித்த உறை, தபால் முத்திரை குத்திய ஒரு மனிதரின் யோசனையில் பிறந்த உறை. இதை அறிந்தபோது எனக்கு ஏற்பட்ட மகிழ்ச்சியைச் சரியாகச் சொல்ல வார்த்தை வரவில்லை.

பெருமந்த காலத்தில், ஜனங்களின் கையில் காசு இல்லாத நேரத்தில், அவர் பத்து சதப் பக்கற்றின் விலையை ஐந்து சதமாகக் குறைத்தார். வியாபாரம் பெருகியது. 1953-இல் ஜெனரல் ஃபுட்ஸ் கம்பனிக்கு விற்றுவிட்டார். அந்தச் சிரிக்கிற ஜக் அதற்கு அடுத்த வருடம் விளம்பரத்தில் வந்தது. அறுபதுகளில் பில்ஸ்பரி கம்பனி ஃபனி ஃபேஸ் என்ற போட்டிப் பானத்தை இறக்கியது. ஒவ்வொரு சுவைக்கும் ஒரு முகம், அந்த முகங்களில் செய்த பிளாஸ்ரிக் கோப்பைகளும் தபாலில்தான் பரிசாகப் போயின. அதன் முதல் பெயர்களில் இரண்டு, சீனர்களையும் செவ்விந்தியர்களையும் கேலி செய்கிற மாதிரி இருந்ததால் பிறகு மாற்றினார்கள். நல்ல வேலை செய்தார்கள். பிள்ளைகளின் கோப்பையில் யாருடைய முகத்தையும் இழிவாக வரையக்கூடாது. நெப்ராஸ்கா 1998-இல் கூல்-எய்ட்டைத் தன் மாநிலத்தின் அதிகாரபூர்வ குளிர்பானம் ஆக்கியது. ஹேஸ்டிங்ஸ் அருங்காட்சியகத்தில் அதற்கென்று ஒரு பகுதியே வைத்திருக்கிறார்கள். அங்கே ஒருநாள் போகவேண்டும். எங்கள் கோப்பையையும் கையில் கொண்டுபோகவேண்டும்.

இப்போது கடைக்குப் போனால் யானை இன்னும் இருக்கிறது. நெக்டோவும் இருக்கிறது, பெரும்பாலும் பிளாஸ்ரிக் போத்தலில். 2016-இலிருந்து போத்தலில் சீனி அளவைக் காட்டும் வட்டம் போடவேண்டும் என்று சட்டம். நூறு மில்லிலீற்றரில் பதினொரு கிராமுக்கு மேல் சீனி இருந்தால் சிவப்பு. அது தேவையான சட்டம். எங்கள் வீட்டிலேயே சீனி வருத்தக்காரர் எத்தனை பேர். பிள்ளைகளுக்குத் தினமும் சோடா வாங்கிக் கொடுங்கள் என்று நான் எழுதவில்லை. ஆள் வந்தால் மட்டும் சோடா என்ற எங்கள் வீட்டு ஒழுங்கு மிக நல்ல ஒழுங்கு என்றே நினைக்கிறேன்.

பரிசுகளும் இருக்கின்றன. மூடிக்குள் ஒரு குறியீடு. அதை எஸ்எம்எஸ் செய்தால் உடனே பதில், “நன்றி, மீண்டும் முயலுங்கள்.” அதிர்ஷ்டம் இருந்தால் மோட்டார் சைக்கிள், போன், ரீலோட். இது எனக்குப் பெரிய குறையாகத் தெரிகிறது. மோட்டார் சைக்கிள் யாரோ ஒருவருக்கு. மற்றப் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒன்றும் இல்லை. அந்தக் காலத்தில் அதிர்ஷ்டம் என்ற பேச்சே இல்லை. சதுரத்தை வெட்டி அனுப்பினால் வரும், எல்லாருக்கும் வரும். பொருள் சின்னது, படம் மட்டமான காகிதம். ஆனால் ஒரு பிள்ளை பொறுமையாகச் சேர்த்து, நேராக வெட்டி, விலாசம் எழுதி, முத்திரை ஒட்டி, பெட்டியில் போட்டு, காத்திருந்து, கடைசியில் பெற்றுக்கொள்கிற முழு வேலையும் அதில் இருந்தது. அந்த வேலையைப் பிள்ளையிடமிருந்து எடுத்துவிட்டுப் பரிசை மட்டும் பெரிதாக்குவதில் எனக்கு உடன்பாடு இல்லை. பானக் கம்பனிகளில் வேலை செய்கிறவர்கள் யாரும் இதை வாசித்தால், தயவுசெய்து யோசியுங்கள். ஒரு ஒட்டுப்படம் போதும். உறையில் பிள்ளையின் பெயரை எழுதுங்கள்.

கம்பனிகள் செய்யும்வரை சும்மா இருக்கமுடியாது என்று நான் ஒரு ஏற்பாடு தொடங்கியிருக்கிறேன். எங்கள் சொந்தத்துக்குள் மட்டும்தான். சேருநுவர, மூதூர், நிலாவெளி, மட்டக்களப்பு என்று மருமக்களும் பெறாமக்களும் பரவியிருக்கிறார்கள். விதிமுறை எளிது. பத்து மூடி சேர்க்கவேண்டும். எந்த மூடியானாலும் சரி, தண்ணீர்ப் போத்தல் மூடியும் சரி. சோடாவை விற்றுக்கொடுப்பது என் வேலை இல்லை. மூடிகளைத் தங்களிடமே வைத்துக்கொண்டு, எண்ணிக்கையை எழுதி, என்ன வேண்டும் என்று கடிதம் போடவேண்டும். வாட்ஸ்அப்பில் வந்தால் செல்லாது. வீட்டு விலாசத்தைத் தாங்களே எழுதவேண்டும். முதல் மாதம் எல்லாரும் முணுமுணுத்தார்கள். பெரியவர்கள் இன்னும் முணுமுணுக்கிறார்கள், முத்திரை வாங்க யார் போவது என்று. பிள்ளைகள் நிறுத்தவில்லை.

கேட்பவை எல்லாம் சின்னச் சாமான்கள்தான். நிறப் பென்சில், தலைக்கிளிப், பூச்சியைப் பெரிதாகக் காட்டும் கண்ணாடி. நிலாவெளியிலிருந்து ஒருத்தி சும்மா ஒரு கடிதம் மட்டும் போதும் என்று எழுதினாள், அவளுக்கு நாலு பக்கம் எழுதினேன். போன கிழமை மூதூரிலிருந்து வந்தது. கொப்பித் தாள், கோட்டுக்கு மேலும் கீழுமாக எழுத்து. “பெரியம்மா, என்னட்ட பன்னிரண்டு மூடி இருக்கு, ரெண்டை அடுத்த முறைக்கு வைக்கிறன். எனக்குத் திசைகாட்டி வேணும். அப்பாவின்ட வள்ளத்தில வைக்க.” மத்திய வீதிக் கடை ஒன்றில் நல்லதாக ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். பெட்டி கொஞ்சம் தடிப்பு, சாதாரண உறைக்குள் அடங்காது. நாளைக்குத் தபாற்கந்தோரில் நிறுத்துப் பார்த்துப் பதிவுத் தபாலில் போடவேண்டும்.